எஸ்றா படிக்காமல் விட்ட முன்னுரை

1

இக்கதை ஓர் ஓசையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1976ஆம் ஆண்டு, தூத்துக்குடியில், அடுத்த வீட்டிலிருந்து சனிக்கிழமைப் பிற்பகல்தோறும் எதையோ அரைக்கும் ஓசை வரும். காப்பிக்கொட்டை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். மணம் வராமையால் ஐயம் பிறந்தது. அது கையால் சுழற்றிக் கணக்கிடும் இயந்திரம் என்று பின்னர் அறிந்தேன். சுழற்றியவர் துறைமுக அலுவலகத்தில் கடலின் ஏற்ற இறக்க அட்டவணைகளைத் தயாரிப்பவர். அவருடைய மனைவி கல்லூரி விரிவுரையாளர். அணுக்கரு இயற்பியலில் கோட்பாட்டாய்வு செய்தவர்.

நான் அறிந்தது அவ்வளவே. பெயர்கள் உட்பட மற்றவை யாவும் புனைவு.

2

முதலில் இவ்வாறு தொடங்கினேன்: ‘முத்துக்குளிப்போர் கடலாழத்தில் தேடுவதுபோலத் தேவமணி அணுவின் ஆழத்தில்—’

அடித்துவிட்டேன். தூத்துக்குடி என்று எழுதியவுடன் முத்து அழையாமலே வந்து நிற்கிறது. அந்த விரிவுரையாளருக்கு நான் இட்ட பெயர் தேவமணி. பக்கத்து ஊரான நாசரேத்தில் பிறந்த அவள் முத்து அணிந்தவளும் அல்லள். குளித்தெடுத்தவர் எவரையும் அறிந்தவளும் அல்லள். வகுப்பு முடிந்தால் அவளுக்குத் தாள், பென்சில், அழிப்பான்.

இரண்டாம் தொடக்கம்: ‘தேவமணியின் முப்பத்தொன்பதாம் வயதில் அவளது கட்டுரை ஒன்றை வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது.’ இது நிற்கட்டும். பதினோராண்டு உழைப்பு. அச்சுப்படி விமானத்தபாலில் வந்திருந்தது. பிழை பார்த்துக் கையொப்பமிட்டுத் திருப்பியனுப்ப வேண்டியதே எஞ்சியது. கட்டுரை வெளிவந்ததும் முழுநேர ஆய்வுப்பணி தருவதாகப் பம்பாயிலிருந்து ஒரு நிலையம் எழுதியிருந்தது.

கட்டுரையின் கடைசி வரி: ‘கணக்கீட்டில் உதவிய திரு. எஸ்றாவுக்கு நன்றி.’ அவள் கணவர் எஸ்றா அந்தத் தாளைத் துறைமுக அலுவலகம் முழுவதும் கொண்டுபோய்க் காட்டினார்.

“அண்ணாச்சி, வீட்டுல அணுகுண்டா செய்யுதீக?” என்று கேட்டார் உடன் பணிபுரியும் மாசானம்.

“குண்டு இல்லவே. வெறும் அணு.”

3

எஸ்றாவை மிகையாக நல்லவராக்கிவிட்டேனோ என்ற ஐயம் இங்கே எழுந்தது. குறையில்லாத கணவரை வாசகர் நம்பார். ஆகவே ஒரு குறை வைக்கிறேன். கதையே அதனால்தான் நடக்கிறது.

அணுக்கருவிலுள்ள துகளுக்கு இருவகைச் சுழற்சி உண்டு: சுற்றிவருவது ஒன்று, தன்னளவில் சுழல்வது மற்றொன்று. இரண்டையும் கூட்டுகையில் எதை முதலில் வைப்பது என்பதில் நூலாசிரியர்கள் ஒன்றுபடுவதில்லை. தத்தம் வழக்கத்தை முன்னுரையில் கூறிவிடுவர். வரிசை மாறினால் சில எண்கள் அளவில் மாறாமல் குறியில் மட்டும் மாறும். கூட்ட வேண்டியதைக் கழிக்க நேரும். [நான் தமிழாசிரியன். இதனை விளங்கிக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று. பிழையிருப்பின் தேவமணி பொறுப்பல்லள்.]

கல்லூரியிலிருந்த நூலைத் தேவமணி பயன்படுத்தினாள். அதில் இல்லாத அட்டவணைகளை எஸ்றா சென்னை நூலகம் ஒன்றில் அமர்ந்து, வேறொரு நூலிலிருந்து கையால் படியெடுத்து வந்தார். ஓரெண்ணும் பிசகவில்லை. முன்னுரையை மட்டும் அவர் படிக்கவில்லை.

4

அச்சுப்படியைத் திருத்துகையில், ஓரெண்ணை அச்சகத்தார் தவறாகக் கோத்தனரோ என்று ஐயுற்ற தேவமணி, அதனை அடியிலிருந்து தானே கணக்கிட்டாள். அளவு சரியாக வந்தது. குறி மாறி வந்தது.

“இங்க பாருங்க. மெட்ராஸ் புஸ்தகத்துல முன்னுரைல என்ன போட்டிருந்தான்?”

“முன்னுரையா? அவனுக்கு நன்றி இவனுக்கு நன்றின்னு நாலு பக்கம். அஞ்சு மணிக்குப் பூட்டிருவான்னு நேரா அட்டவணைக்குப் போயிட்டேன். என்னத்துக்குக் கேக்க?”

அவள் தாளைக் காட்டினாள். நாள்தோறும் கடலளப்பவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நீ ஒரு மட்டத்துலேருந்து அளந்திருக்க, நான் வேற மட்டத்துலேருந்து. ஏளா, ரெண்டையும் ஒரே அட்டவணைல போட்டா கப்பல் தரைதட்டிருமே.”

“தட்டியாச்சு.”

“இப்பம் குறிய மாத்திப் போட்டா?”

“சோதனைல வந்த எண்ணுக்குப் பக்கத்துலகூட வரல. தப்பாப் போட்டதுதான் அச்சு அசலாப் பொருந்துச்சு.”

எஸ்றா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற எவனும் இதக் கண்டுபிடிப்பானா?”

“நான் கண்டுபிடிச்சேன்லா.”

“சரி. நிறுத்தச் சொல்லி எழுதுததா இருந்தா எம் பேரப் போட்டு எழுது. படியெடுத்தவன் தப்புன்னு.”

“ஆய்வு என்னோடது. முன்னுரை எங்கன்னு நான்லா கேட்டிருக்கணும்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஏளா, கட்டுரைய எடுத்தாலும் அந்த நன்றி வரிய மட்டும் தனியா அச்சடிக்க மாட்டானா?”

அவள் சிரித்துவிட்டாள். [‘அழுதாள்’ என்றே முதலில் எழுதினேன். எஸ்றாவோடு வாழ்பவளுக்கு அது எளிதன்று.]

5

அவள் உண்மையை எழுத, பம்பாய் நிலையம் நேர்மையை வியந்து பணி தந்ததாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் வாசிக்கத் தகும், நான் நம்பவில்லை. இன்னொரு முடிவில், கையொப்பமிட்டு அனுப்பினாள், பம்பாயில் பெயரெடுத்தாள், ஆனால் எங்கோ ஓர் இளைஞன் அதே எண்ணை அடியிலிருந்து கணக்கிட்டு— நிறுத்திவிட்டேன். இருபதாண்டு இவளை அஞ்சியிருக்கச் செய்ய எனக்கு மனமில்லை. உண்மையை எழுதிப் பணியிழந்து, தாளும் பென்சிலுமாக மறுபடி தொடங்கினாள் என்பதே நடந்திருக்கக் கூடியது. அதையும் எழுதினேன். பதினோராண்டு என்ற சொல்லைத் தாண்டிக் கை செல்லவில்லை.

ஆகவே நான் எழுதியது வரைக்கும் தருகிறேன். மேசைமேல் ஒட்டிய உறைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் கையொப்பமிட்ட அச்சுப்படி. மற்றொன்றில், கட்டுரையை நிறுத்துமாறு வேண்டும் கடிதம். இரண்டையும் தேவமணியே எழுதினாள். எஸ்றா தபால்தலையை நாவில் தொட்டு ஈரமாக்கிவிட்டார். அதை விரல்நுனியில் ஏந்தி, எதில் ஒட்டுவது என்று அவள் முகத்தைப் பார்த்து நிற்கிறார். அவள் உங்களைப் பார்க்கிறாள்.

பசை உலருமுன் சொல்லிவிடுங்கள்.