பின்பக்கத்தில் ஒன்று இருக்கும்

"கையெழுத்துப் போடச் சொல்லுக்கா. நான் என்ன அவனைத் தூக்குலயா தொங்கச் சொல்றேன்?" என்றார் மாமா.

கட்டிலில் அண்ணனின் மாவுக்கட்டுக் காலுக்குப் பக்கத்தில் அந்தத் தாள் கிடந்தது. டைப் அடித்த இரண்டே வரி. 'தூக்கக் கலக்கத்தில் பேருந்தை ஓட்டியதால் விபத்து நேர்ந்தது. இதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.' திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் அண்ணன் கீழே கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"நான் தூங்கலை மாமா. பிரேக் புடிக்கலை. மூணு தடவை வண்டிக் குறைப் புக்குல எழுதிக் குடுத்தேன்."

"அந்தப் பக்கத்துல பிரேக்குனு ஒரு வார்த்தை இல்லைங்கறாங்களே! போட்டா வேலையோட போயிடும். போடலைன்னா உள்ள போய்க் களி திங்கணும். மேனேஜர் உன் நல்லதுக்குத்தான் சொல்றார்."

"நீ யாரு கூடப்பொறந்தவன்டா? எனக்கா, அந்த மேனேஜருக்கா?" என்றாள் அம்மா. "உன் பையனுக்கு அங்க வேலை போட்டுத் தரேன்னாராமே?"

எதிரே உள்ள பஸ் ஆபீஸில் பியூனாக இருக்கும் மாமா செருப்பைத் தேடினார்.

கதவோரம் தங்கை சின்னவள் நின்றிருந்தாள். பதினேழு வயது. விபத்து நடந்த நாளிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் உள்ளே போய்விடுவாள். இறக்கத்தில் நிற்காமல் ஓடிய பேருந்து நிறுத்தத்துக்குள் புகுந்து, அங்கே காத்திருந்த தையல்காரர் மனைவியைக் கொன்றுவிட்டது. தையல்கடை மூன்று கடை தள்ளித்தான். மறுநாள் முதல் இவர்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரில் தினமும் யாரோ 'கொலைகாரன் வீடு' என்று சாக்கட்டியால் எழுதிவைத்தார்கள். அம்மா தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த இடம் மட்டும் பளபளவென்று ஆகியிருந்தது.

அடுத்த நாள் காலை அவசரம் வந்தார். பஸ் ஆபீஸின் பட்டறைப் பிரிவுக் குமாஸ்தா. எதற்கெடுத்தாலும் "அவசரம், அவசரம்" என்பதால் தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. தெருவில் வேறு ஜெராக்ஸ் கடை இல்லாததால், ஆபீஸ் மெஷின் ரிப்பேரான நாளெல்லாம் இங்கேதான் ஓடிவருவார்.

"நீ தள்ளு பாப்பா. நானே வச்சுக்கறேன்." ஒரு தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து, அதன் கீழ்ப்பாதியை மறைக்கும்படி ஒரு வெள்ளைத் துண்டைச் செருகி, மூடியை அழுத்தினார். "ம், அமுக்கு. ஒரே ஒரு காப்பி."

அவள் பொத்தானை அமுக்கினாள். காப்பி வெளியே வருவதற்கும் அவர் போன் அலறுவதற்கும் சரியாக இருந்தது. "வந்துட்டேன் சார், ஆயிடுச்சு சார்" என்றபடி காப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

ஒரிஜினலை மூடிக்கடியில் மறந்துவிட்டுப் போவது ஜெராக்ஸ் கடையில் தினமும் நடக்கிற கதை. பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். மூடியைத் தூக்கித் தாளைத் திருப்பினாள். கால் நகரவில்லை.

குறைப் புக்கிலிருந்து கிழித்த பக்கம். அண்ணன் கையெழுத்து. மேலே, 'டயர் காற்று சரி. விளக்கு சரி.' வெள்ளைத் துண்டு மறைத்திருந்த இடத்தில், 'பிரேக் மிதித்தால் அடிவரை இறங்குகிறது. மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.' அதற்கும் கீழே மேனேஜர் கைப்பட ஒரு வரி. 'வேறு வண்டி இல்லை. இதையே ஓட்டவும்.' கையெழுத்து. தேதி, விபத்துக்கு முதல் நாள்.

அதைப் புதுப் பேப்பர் கட்டின் நடுவில் செருகினாள். பத்தே நிமிடத்தில் அவசரம் வேர்த்து ஒழுக வந்து நின்றார்.

"பாப்பா, உள்ள எதையாவது விட்டுட்டேனா?"

"எதை சார்? கையில எடுத்துக்கிட்டுத்தானே ஓடினீங்க?"

அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். எச்சில் விழுங்கிக்கொண்டு போய்விட்டார். தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் மேனேஜர் தோலை உரித்துவிடுவார். அதனால், கிழித்துப் போட்டாயிற்று என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார்.

தாளைப் பார்த்ததும் அண்ணன் சுவரோடு தலையைச் சாய்த்துக்கொண்டான். "இருக்கறது இது ஒண்ணு. விசாரணையில கொண்டுபோய்க் குடுத்தா டிராயர்ல போட்டுப் பூட்டிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் தேட வேண்டியதுதான்."

சின்னவள் ஒரு நகலை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு தையல்கடைக்கு நடந்தாள். மூன்று கடை தூரம்தான்.

தையல்காரர் தலையைத் தூக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "வெளிய போ."

அவள் நகலைத் தைக்கிற துணியின் மேலேயே வைத்தாள். சக்கரம் நின்றது.

இரண்டு தடவை படித்தார். பிறகு ஆர்டர் சீட்டுகளைக் குத்திவைத்திருந்த கம்பியிலிருந்து மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஒன்றை உருவி, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எட்டு வருஷமா அவருக்குச் சட்டை தைக்கறேன் பாப்பா. துக்கம் கேக்க வந்தப்போ, என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதார்." சீட்டைத் திரும்பக் கம்பியில் குத்தினார். "அழுதான் பாப்பா அவன். 'அந்த டிரைவர் பயலைச் சும்மா விட மாட்டேன்'னு என் தோள்ல சாஞ்சு அழுதான்."

"ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கு."

"எனக்குக் குடு. என் பொண்டாட்டி கேஸ்ல வக்கீல் கையால கோர்ட்டுல போட வைக்கறேன். ஆனா கோர்ட்டு பேச வருஷமாகும். அதுவரைக்கும் அவன் நான் தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல நடக்கக் கூடாது."

"நாளைக்கு ஸ்கூல் பஸ் பாஸுக்குக் கடைசி நாள்," என்றாள் அவள். குரல் கீச்சென்றுதான் வந்தது. "எல்லாரும் நம்ம கடைக்குத்தான் விண்ணப்பத்தை நகல் எடுக்க வருவாங்க. பஸ் ஆபீஸ்ல வாங்கற ஒவ்வொரு காகிதத்துக்கும் நம்பர் போட்டு, சீல் குத்தி, ரசீது குடுக்கணும். நம்பர் விழுந்ததை அவங்களாலயே கிழிக்க முடியாது."

தையல்காரர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கே அவளும் அம்மாவும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அறுநூறு நகல் எடுத்தார்கள். சூடு ஆறியதும் தாள்களைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி மெஷினில் அடுக்கினார்கள். ஒரிஜினலை முந்தின நாளே வக்கீல் வழியாகக் கோர்ட்டில் ஒப்படைத்திருந்த தையல்காரர், ரசீதோடு பத்து மணிக்கு வந்தார். ஒரு முக்காலியைப் போட்டுக் கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைத் தெருவே வாயடைத்துப்போய்ப் பார்த்தது.

"பின்பக்கத்துல ஒண்ணு இருக்கும்," என்று சின்னவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "படிச்சுப் பாருங்க. வேணாம்னா வெள்ளைத் தாள்லயே போட்டுத் தரேன்."

முதலில் நின்றவர் படித்துவிட்டு, "எனக்கு வேணாம்மா. என் பையன் பாஸ் கிடைக்காம போயிடும்," என்று வெள்ளைத் தாளிலேயே வாங்கிக்கொண்டு போனார். அவளுக்கு அழுகை முட்டியது.

அடுத்து நின்ற பெண் சத்தமாகவே படித்தாள். "இதையே ஓட்டவும்." மறுபடியும் படித்தாள். "என் புள்ளைங்க ரெண்டும் தினம் இவங்க வண்டியிலதான்டி ஸ்கூலுக்குப் போகுது! எனக்கு இதுலயே போடு."

"எனக்கும்." "எனக்கு ரெண்டு செட்டு."

"ஒரு பக்கத்துக்குக் குடுத்து ரெண்டு பக்கம் வாங்கறோம். நமக்கென்ன கசக்குதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை சிரித்தது. கொஞ்ச நேரத்தில் தெருவைக் கடந்து பஸ் ஆபீஸ் ஜன்னலிலிருந்து டொக், டொக் என்று சீல் சத்தம் வர ஆரம்பித்தது. ஜன்னலில் வாங்குகிறவருக்கு முன்பக்கத்தைப் பார்க்கவே நேரமில்லை.

பன்னிரண்டரைக்கு மாமா ஓடிவந்தார். "குடியைக் கெடுத்துட்டியேக்கா! முன்னூத்திப் பதினேழு தாள்! அத்தனையும் ரிஜிஸ்டர்ல ஏறியாச்சு. மேலதிகாரிக்குப் போற கட்டு வேற பதினொரு மணிக்கே கிளம்பிடுச்சு. என் பையன் வேலை போச்சே!"

"ஓரமா நில்லுடா, வெளிச்சத்தை மறைக்காத," என்றாள் அம்மா. உள்ளேயிருந்து அண்ணன், கையெழுத்தில்லாத அந்தத் தாளை அவரிடம் நீட்டினான். "உங்க மேனேஜர்கிட்டயே குடுத்துடுங்க மாமா."

கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மேனேஜரே தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். இஸ்திரி கலையாத நீலச் சட்டை. கையில் யாரோ ஒரு பிள்ளையின் விண்ணப்பம். சின்னவள் அடுத்த தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தாள்.

"ஷட்டரை இறக்கும்மா. கொஞ்சம் பேசணும்," என்றார் மேனேஜர் தணிந்த குரலில்.

தையல்காரர் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தான் தைத்த அந்தச் சட்டையின் காலரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பேசணும்னாலும் வரிசையில வாங்க சார். உங்களுக்கு முன்னாடி பதினாலு பேர் நிக்கறாங்க."

மேனேஜர் வரிசையைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையன் மட்டும், "கடைசி அங்க சார்," என்று கை காட்டினான். எதிரே ஆபீஸின் எல்லா ஜன்னலிலும் தலைகள் முளைத்திருந்தன. அவர் நடந்துபோய்க் கடைசியில், வெயிலில் நின்றார்.

சின்னவளுக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. என்றாலும் ஒவ்வொரு தாளையும் ஓரம் பார்த்து, நேர் பார்த்து, தூசி ஊதி வைத்தாள். வேண்டுமென்றே இரண்டு முறை மெஷினை நிறுத்தித் துடைத்தாள். முதுகு நனைந்து, நீலச் சட்டை கறுத்துக்கொண்டே வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மேனேஜர் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

"சாப்பாட்டு நேரம் சார்," என்றாள் சின்னவள். "நாளைக்கு வாங்க."