பொற்கொடி யார்?

1

பொறாமையில் பிறந்த கதை இது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதிய எதற்கும் அழாத என் மனைவி, பக்கத்து வீட்டு ரேடியோவில் புரியாத பாஷைப் பாட்டொன்றைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வயிற்றெரிச்சலை எனதென்று சொல்ல வெட்கமாக இருந்தது. தூக்கிப் பட்டாபிராமன் தலையில் வைத்தேன்.

2

கல்கத்தா, 1909. மாலைச் சூரியன் கங்கையில்... (வேண்டாம். பட்டாபிராமன் சூரியனைப் பார்க்கிற ஆளில்லை.)

கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா அவன். வெண்பாவில் புலி. மகள் காமு காய்ச்சலில் போன நாற்பதாம் நாள், அவள்மேல் இரங்கற்பா எழுதி மனைவி ஜெயலக்ஷ்மிக்குப் படித்தான். குழந்தை போனதிலிருந்து அவள் அழவேயில்லை. அழவைத்துவிட வேண்டும் என்றுதான் எழுதினான். ஓரிடத்திலும் தளை தட்டவில்லை. அவளும் அழவில்லை.

மறுநாள் மாலை, மாடிவீட்டு நிரஞ்சன் பாபு தன் பெண்ணை மடியில் வைத்து ஆட்டியபடி வங்காளத்தில் ஏதோ பாடினார். ஜெயலக்ஷ்மிக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வங்காளம் தெரியும். கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

பட்டாபிராமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் சொல்லுக்கு வராத கண்ணீர் அடுத்தவன் சொல்லுக்கு வருவதாவது!

3

படியேறிப் போய் அர்த்தம் கேட்டான்.

"அர்த்தமா? கெளுத்தி மீனுக்குக் கல்யாணம், நண்டு மத்தளம் அடிக்குது. வெறும் குழந்தைப் பாட்டு, மொஷாய்!" என்று பாபு சிரித்தார்.

மீனுக்கு அழுவாளாம், பெற்ற பெண்ணுக்கு அழமாட்டாளாம்! கீழே வந்து கத்தினான்.

"பாபு பாட்டு அவ்வளவு உசத்தியோ? என் வெண்பாவுக்கு என்னடி குறை?"

"குறை சொல்ல நேக்கு என்ன தெரியும்? அவர் பாடறச்சே காமுவைத் தூளியிலே விட்டு ஆட்டறாப்பல இருந்தது, அவ்வளவுதான்." கீழே கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன்னா, பொற்கொடி யாரு?"

(எதுகைக்காகச் செய்த காரியம். முதலடியில் 'கற்பகமே' விழுந்துவிட்டது. இரண்டாமடியில் காமு பொருந்தவில்லை. அவளை எடுத்துவிட்டுப் பொற்கொடியை நட்டான். இந்தத் தப்பைப் புலவன்தான் செய்வான். நானும் செய்திருக்கிறேன்.)

4

முடிவு ஒன்று: வெண்பாவைக் கிழித்துப் போடுகிறான். (நாடகம்.)

முடிவு இரண்டு: தூளி ஆடும் தாளத்திலேயே புதுப்பாட்டு எழுதுகிறான், அவள் உடனே... (பொய். அப்படி எழுதியிருந்தால் அவன்மேலும் எனக்குப் பொறாமை வந்திருக்கும்.)

மிஞ்சியது இவ்வளவுதான். அவளருகில் உட்கார்ந்தான். தரையில் மெல்லத் தட்டிக்கொண்டே, "காமு... காமு..." என்றான்.

ஜெயலக்ஷ்மி என்ன செய்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் இல்லாமற்போன ஒருவரை, அன்று அழைத்த அதே குரலில், ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்.