லாலாங் சாலையில் அக்காவுடன்

அக்கா அருள்ஜோதி கன்னியர் மடத்தில் சேர இன்னும் மூன்று வாரம் இருந்தது. 1978, டிசம்பர். போவதற்கு முன் அவள் கேட்டது ஒன்றைத்தான்: சாங்கிக் கடற்கரைப் பக்கம் என்னோடு ஒருநாள் நடக்க வேண்டும். கிளம்பும்போது அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தார்.

"ஜோசி, நீ சொன்னா கேப்பா. மனச மாத்திக் கூட்டிட்டு வா."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அக்கா ஐந்து வயது மூத்தவள். ஆங் மோ கியோ வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில்.

மழைக்காலத்தில் கடற்கரைக்கு யாரும் வருவதில்லை. கடலைத் தூர்த்த நிலத்தில் புதிதாக ஒரு மண்சாலை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்து, காற்றடித்தால் வெள்ளையாகச் சாய்ந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் நடந்தோம். வழியெல்லாம் ஏதேதோ பேசினாள், மடத்தைத் தவிர.

கடைசியில் நானே சொன்னேன். "அம்மா உன்னைப் போக வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

"தெரியும்." அக்கா நின்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு ஜோசி. நீ போகாதேன்னு சொல்லு. நான் போகல."

வாய் வரை வந்துவிட்டது அந்தச் சொல். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் நான் தடுத்தால் அவள் இருந்துவிடுவாள், பிறகு வாழ்நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள் என்று தோன்றியது.

"போய்ப் பாரு. பிடிக்கலன்னா திரும்பி வந்துடு லா. யாரு கேக்கப் போறா?" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. தொப்பலாக நனைந்து வந்தபோது ஒரு மணல் லாரி பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் ஒலி முகம்மது என்ற தமிழர்.

"இங்க பஸ் வராதும்மா. ஏறுங்க, மெயின் ரோட்டுல விடுறேன்."

லாரியில் வைப்பர் வேலை செய்யவில்லை. அதில் ஒரு கயிறு கட்டி ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார். ஓரத்தில் உட்கார்ந்த அக்காவிடம் கயிற்றைக் கொடுத்து, "இழுத்து இழுத்து விடுங்க, ரோடு தெரியட்டும்" என்றார். அவள் இழுத்தாள். இழுக்க இழுக்கச் சிரிப்பு வந்தது அவளுக்கு. சாலை முடியும் வரை சிரித்தாள். பல மாதங்களாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டார், "என்ன சொன்னா?"

"போறாம்மா. நான்தான் போகச் சொன்னேன்."

கிறிஸ்துமஸ் வரை அம்மா என்னோடு பேசவில்லை. ஜனவரியில் அக்காவை வழியனுப்பத் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு வரமாட்டேன் என்றவர், கோலாலம்பூர் ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்சியில் வந்து இறங்கினார். பெட்டிக்குள் ஏறி, ஈரம் இருக்கிறதா என்று இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, அக்காவை அதில் உட்கார வைத்தார். கீழே இறங்கி நின்றவர், ரயில் நகர்ந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா திரும்பி வரவில்லை. ஈப்போவில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். எண்பத்தாறில் நாங்கள் போனபோது, மதிய உணவில் பாதியிலேயே எழுந்து வகுப்புக்கு ஓடினாள். அம்மா அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா உடம்பு போட்டிருக்கா" என்றார்.