யார் தள்ளுவது

கன்னியம்மாள் அன்று மீன் கொண்டு வரவில்லை. கமலாவின் வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்றாள்.

"டீச்சரம்மா, வீராம்பட்டினத்துல ஒரு திமிங்கலக் குட்டி கரைதட்டிக் கெடக்குது. உசுரு இருக்குது. நீங்க அதப் பத்தித்தான பாடம் எடுக்குறீங்க? வந்து பாருங்க."

1983ஆம் வருடம். கமலா ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். நீலத் திமிங்கலத்தை வேட்டையாடியே உலகம் தீர்த்துவிட்டது, மிச்சமிருப்பவை சொற்பம் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்வாள். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மொபெட்டில் கன்னியம்மாளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

நீலமும் சாம்பலுமாய்ப் புள்ளி விழுந்த உடம்பு. தொண்டைக்குக் கீழே வரிவரியாய்ப் பள்ளங்கள். சந்தேகமேயில்லை, நீலத் திமிங்கலம்தான். வாலும் பாதி உடம்பும் தண்ணீரில் கிடக்க, தலை மணலில் புதைந்திருந்தது. தலைமேல் துளை திறந்து புஸ்ஸென்று மூச்சு விட்டது. கமலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

கன்னியம்மாளின் புருஷன் கலியமூர்த்தி ஆட்களோடு மணலை வாரிக்கொண்டிருந்தான். பெண்கள் ஈரப் புடவைகளை அதன் முதுகில் போர்த்தினார்கள்.

"மத்தியானம் கடல் ஏறும் டீச்சர். அப்ப எல்லாரும் சேந்து ஒரு தள்ளு தள்ளுனா போயிடும்" என்றான்.

அப்போது ஜீப் வந்தது. இராமதாஸ் என்ற அதிகாரி இறங்கினார். கூடவே சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் இருவர்.

"எல்லாரும் தள்ளிப் போங்க! இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. தொட்டா கேஸ்."

"பாதுகாக்கத்தான் சார் தொடுறோம்" என்றாள் கமலா.

"மெட்ராஸ்லேருந்து பெரிய ஆபீசர் வராரு. அவர் சொல்லாம எதுவும் செய்யக் கூடாது."

"எப்ப வராரு?"

"கெளம்பிட்டாராம்."

சுற்றிலும் கயிறு கட்டினார்கள். தள்ளிவிட அனுமதி கேட்டு கமலா டவுனுக்குத் திரும்பி ஓர் அலுவலகத்தில் ஏறினாள். "அது மீன் இல்லையே மேடம், எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், "கடல் எங்க எல்லையில வராது" என்றார்கள்.

"கரையிலதான் சார் கெடக்குது."

"பாதி தண்ணியில கெடக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மூன்றாவது இடத்தில் சாப்பாட்டு இடைவேளை. கமலா அங்கிருந்த மேசையை ஓங்கித் தட்டினாள். யாரும் திரும்பவில்லை, கை வலித்ததுதான் மிச்சம்.

அவள் திரும்பி வந்தபோது கடல் ஏறி, இறங்கத் தொடங்கியிருந்தது. ஆட்கள் கயிற்றுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா மெதந்துச்சு டீச்சர்" என்றான் கலியமூர்த்தி. "வாலக்கூட ஆட்டுச்சு. கிட்ட போனா லட்டியத் தூக்குறானுங்க."

கமலா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இராமதாஸ் கத்தினார். அவள் நிற்கவில்லை. அதைப் பார்த்துக் கன்னியம்மாளும் இறங்கினாள், பின்னாலேயே ஊர் இறங்கியது. அத்தனை பேரைப் போலீஸால் தடுக்க முடியவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கொஞ்சம் நகர்ந்தது. பிறகு மணல் பிடித்துக்கொண்டது, தண்ணீர் போதவில்லை. கமலா அதன் விலாவில் கை வைத்தபடி நின்றாள். மூச்சு மெல்ல மெல்ல அடங்கி, நின்றேவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் மெட்ராஸ் ஆபீசர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். "ரொம்ப அபூர்வமான இனம். காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

கமலா அவர் முன்னால் போய் நின்றாள். "நாளைக்கே இன்னொண்ணு ஒதுங்குனா தள்ளிவிட யாருக்கு சார் அதிகாரம்?"

"கேட்டுத்தான் சொல்லணும்" என்று ஜீப்பில் ஏறினார்.

அந்த ஒரு கேள்வியோடு அவள் அடுத்த வருஷம் முழுக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வீராம்பட்டினத்துக்குப் போனபோது கலியமூர்த்தியிடம் அதைச் சொன்னாள்.

"நீங்க கேட்டுக்கிட்டே இருங்க டீச்சர். இன்னொண்ணு வந்தா நாங்க பாட்டுக்குத் தள்ளிவுட்டுடறோம்" என்றான், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னையும் கூப்புடு" என்றாள் கமலா.