அண்ணியின் பித்தளை மூடி

எங்கள் படகின் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. படகைக் கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அதை அடைக்கும் பித்தளை மூடியை மாட்டிவைக்கக் கொட்டகைச் சுவரில் நானே ஓர் ஆணி அடித்திருந்தேன். என் அண்ணி அதைச் சட்டை செய்தால்தானே? பீரோ சாவி மாதிரி மூடியைத் தன் கோட்டின் உள்பையில் போட்டுக்கொள்வார். அவரைக் கேட்காமல் யாரும் படகை எடுத்துவிடக் கூடாதாம். இதற்காக நான் அவரோடு போடாத சண்டை இல்லை.

அன்று காலை அண்ணன் ஏரியின் எதிர்க்கரைப் படகுத்துறையில் பலகை மாற்ற வாடகை ஜீப்பில் போனான். வானம் பளிச்சென்று இருந்தது. பனி விழும் காலமும் முடிந்திருந்தது. வெறும் சட்டையோடு கிளம்பியவனை மறித்து, அண்ணி தன் கோட்டைக் கழற்றி மாட்டி, பொத்தான்களையும் அவரே இழுத்துப் போட்டுவிட்டார். பொம்பளைக் கோட்டு, மூச்சு முட்டுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மதியத்துக்கு மேல் பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் மரங்கள் விழுந்து, அவனை அழைத்துவரப் போன ஜீப் பாதி வழியில் திரும்பிவிட்டது. அண்ணன் போனில் பேசினான். கை விறைத்துவிட்டதாம், குளிர்கூட இப்போது தெரியவில்லையாம், தூக்கம் தூக்கமாக வருகிறதாம். தூங்காதீர்கள் என்று அண்ணி கத்துவதற்குள் போன் அணைந்துவிட்டது. அந்தத் தூக்கம் எதில் போய் முடியும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

விடியட்டும், பார்க்கலாம் என்றார் ஜீப் டிரைவர். அவர் கூடப்பிறந்தவனாக இருந்தால் அப்படிச் சொல்வாரா? படகுக்குள் கிடந்த பனியை அவசர அவசரமாக வாரிக்கொட்டிவிட்டு, நாங்கள் இருவரும் அதைத் தண்ணீரில் தள்ளினோம்.

நடு ஏரியில் என் கால் நனைந்தது. ஓட்டையில் இறுகிக் கிடந்த பனி கரைந்து, தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. அண்ணி பழக்கதோஷத்தில் சால்வைக்குள் கையை விட்டுத் துழாவினார். அவர் முகம் செத்துவிட்டது.

"மூடி கோட்டுல இருக்கு. கோட்டு அவரு மேல இருக்கு."

வாய்க்கு வந்தபடி திட்ட எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே. கம்பளிக் காலுறையைக் கழற்றிச் சுருட்டி ஓட்டையில் திணித்து, அதன்மேல் வெறும் குதிகாலை ஊன்றினேன். குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது.

திரும்பிவிடலாம், உன் கால் போய்விடும் என்றார் அண்ணி.

"கால் போனா போகட்டும், அண்ணன் போகக் கூடாது. நீங்க வலிங்க."

நான் ஒரு காலால் மிதித்துக்கொண்டு டப்பாவால் தண்ணீரை இறைத்தேன். அவர் துடுப்பை வலித்துக்கொண்டே இருந்தார். கரை தெரியாத பனியில், காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்பதை வைத்தே திசை பிடித்தார். அந்த ஒல்லி உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. என் கால் மரத்துப்போனது. நான் எடுக்கவில்லை.

எதிர்க்கரைக் கொட்டகையில் அண்ணன் சுவரில் சாய்ந்து, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. அண்ணி ஓடிப்போய் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தூங்காமல் இருந்தீர்களே, அது போதும் என்று அழுதார்.

"எங்க தூங்குறது?" அண்ணனுக்கு வாய் குழறியது. "கண்ணு சொக்கிச் சாயுறப்பல்லாம் உன் கோட்டுல என்னமோ ஒண்ணு விலாவுல குத்திக்கிட்டே இருந்துச்சு. கழட்டி எறியலாம்னா, விறைச்ச கையால உன் பொத்தானைக் கழட்ட முடியல."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவன் கோட்டுக்குள் கையை விட்டு மூடியை எடுத்தேன். அவன் உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் படகின் ஓட்டையில் திருகிவிட்டு, மூவரும் கரை திரும்பினோம்.

மறுநாள் நொண்டிக்கொண்டே போய், சுவரில் நான் அடித்த ஆணியை நானே பிடுங்கிப் போட்டேன்.