மச்சாளின் ஒன்பது வருடம்

என் கணவர் சில்வெஸ்டரின் அக்கா பேர்பெச்சுவா, ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தார் என்று கடதாசி சொல்கிறது. கடதாசியை மட்டும் நம்புகிற நாடு இது. உண்மையில் மச்சாள் அங்கே வேலை செய்தது ஒன்றரை நாள். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கிழவர் படுக்கையிலேயே மலம் கழித்த பெட்பானைக் கையில் கொடுத்தார்கள். மச்சாள் அதை மேசையில் வைத்துவிட்டு, ட்ராம் ஏறி வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டார்.

அது 1992. என் அகதி வழக்கு முடியவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை. மச்சாளுக்கு இருந்தது. மூன்றாம் நாள் அவருடைய பெயரோடு நான் போனேன். மச்சாள் என்னைவிட ஒரு சாண் உயரம், நல்ல வெள்ளை. ஒருவரும் கவனிக்கவில்லை. ஜெர்மன்காரருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே அச்சு.

ஒன்பது வருடம் பிராவ் செல்வரட்ணம், அதாவது திருமதி செல்வரட்ணம், என்ற மச்சாளின் பெயரில் கிழடுகளைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், செத்தவர்களின் கண்ணை மூடிவிட்டேன். 2001இல் எனக்கும் விசா கிடைத்தது. வேறோர் இல்லத்தில் சொந்தப் பெயரில், ஒன்றும் தெரியாத புது உதவியாளராகச் சேர்ந்தேன்.

2006இல் ஒரு தாதிப் பாடசாலை அறிவித்தது. எட்டு வருட அனுபவத்துக்குச் சான்று இருந்து, செய்முறைச் சோதனையிலும் தேறினால், மூன்று வருடப் படிப்பை ஒரு வருடத்தில் முடித்துத் தாதி ஆகலாம். எனக்குப் பதினாலு வருட அனுபவம். கடதாசியில் ஐந்து. மாதா கோயில் வாசலில் இதை மச்சாளிடம் சொல்லி அழுதேன். அதுதான் நான் செய்த மடைத்தனம்.

இரண்டு மாதத்தில் மச்சாள் ஒரு பெட்டி பொரித்த ரோல்ஸோடு வீட்டுக்கு வந்தார். வேலை செய்கிற சூப்பர்மார்க்கெட்டின் குளிர் அறையில் நின்று கால் விறைத்துப் போனதாம். ஆகவே அந்த ஒன்பது வருடக் கடதாசியை வைத்து அந்தப் பாடசாலைக்கு விண்ணப்பித்தாராம், சோதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

"கழுவிப் புரட்டிக் காட்ட வேணுமாம். எனக்கு ஏலாது, உனக்குத் தெரியும்தானே. ஒருநாள் போயிட்டு வாவன். முந்தியும் போனனீதானே."

ரோல்ஸைப் பெட்டியோடு அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. சில்வெஸ்டர் "குடும்பம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் ஒளிந்துகொண்டார்.

போனேன். மச்சாளுக்காக அல்ல. இந்த வேலை எனக்குத் தெரியும் என்று ஒரு ஜெர்மன் வாயால் ஒருமுறை கேட்க ஆசைப்பட்டேன்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஒரு பெரிய உடம்புக்காரர் கட்டிலில் கிடந்தார். என்னைக் கண்டதும் தூஷணத்தில் தொடங்கினார். இதைவிட நல்ல தூஷணம் கேட்ட காது என்னுடையது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தேன். அவர் வெட்கப்படாமல் இருக்கத் துவாயால் மூடி மூடிக் கழுவினேன். நோகாத பக்கமாகப் புரட்டினேன். மனிதர் குறட்டை விடத் தொடங்கினார்.

சோதிக்க வந்த பிராவ் லிண்ட்னர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். முப்பது வருடத்தில் இப்படியான கையை அதிகம் பார்த்ததில்லை என்றார். "ஒன்பது வருட அனுபவம் என்றால் இதுதான், பிராவ் செல்வரட்ணம்."

கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன். அது மச்சாளின் விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பிராவ் செல்வரட்ணம் இல்லை," என்றேன். "என் பெயர் ரஞ்சினி. அந்த ஒன்பது வருடமும் நான் செய்தது."

பெட்பான் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பெட்பானுக்கு மட்டும் அவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு படிவத்தைக் கிழித்தார். இன்றைக்கு என்னைத் தான் பார்க்கவே இல்லை என்றார். பொலிசுக்குச் சொல்லமாட்டார், ஆனால் அந்த ஒன்பது வருடத்தை யார் பெயரிலும் அவரால் எண்ண முடியாது. வேண்டுமானால் முதலிலிருந்து மூன்று வருடம் படிக்கலாம்.

மச்சாள் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். சில்வெஸ்டருக்கு இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து வலி.

செப்டெம்பரில், நாற்பத்துநாலு வயதில், அந்தப் பாடசாலையின் மூன்று வருட வகுப்பில் பதினெட்டு வயதுகளுக்கு நடுவே போய் இருந்தேன். முதல் பாடம், கை கழுவுவது எப்படி. அதற்கு முன் வரவு கூப்பிட்டார்கள். "ரஞ்சினி" என்று கேட்டதும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில்போல எழும்பி நின்றுவிட்டேன். இங்கே யாரும் எழும்புவதில்லையாம். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவசரப்படாமல் உட்கார்ந்தேன்.