அக்காவின் சுவாசத்தொகுதி

வீட்டில் மூன்றாம் ஷை எடுப்பவன் நான் என்பதால், அக்காவின் உடம்பு என் பொறுப்பில் இருந்தது. மூன்றாம் ஷை என்றால் உயர்தரப் பரீட்சையை மூன்றாவது தடவை எழுதுவது. நாலாவது தடவை கிடையாது.

நடைமுறை எளிது. எந்த உறுப்பின் கலைச்சொல் எனக்குப் பாடமோ, அந்த உறுப்பு அக்காவுக்கு வேலை செய்யும். காலை ஐந்து மணிக்குக் கட்டிலருகே நின்று ஒப்புவிப்பேன். விழித்திரை என்றால் கண் திறப்பாள். நத்தைச்சுருள் என்றால் காது கேட்கும். கேட்டதும், "கத்தாதை, நானென்ன கிணத்துக்குள்ளையா கிடக்கிறன்?" என்பாள். தொடையென்பு என்றால் எழுந்து நிற்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, உடம்பில் சீனியைக் கவனிக்கும் சதையி மறந்துபோனது. அன்று முழுக்க அவள் சீனியில்லாத தேநீர் குடித்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. சீனிப் போத்தலை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, ரியூசனில் குலவீரசிங்கம் சேர் சொன்னார்: "சுவாசம் போன முறை வந்தது. இந்த முறை வராது. வெட்டுங்கோ."

இருநூற்று நாற்பது பேரும் அடிமட்டம் வைத்து அந்த அத்தியாயத்தைக் குறுக்கே வெட்டினோம். வாசலில் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் நான் அதை முழுதாக மறந்திருந்தேன். மறப்பதில் எனக்கு எப்போதும் ஏ சித்தி.

திங்கட்கிழமை அக்கா எழுந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என் கொப்பியை இழுத்து, "மடையா" என்று எழுதினாள். அதற்குக் கீழே எழுதினாள்: "நேற்று எடுத்த மூச்சு ஒன்று உள்ளே இருக்கிறது. பன்னிரண்டு மணி வரை தாங்கும்."

எனக்குப் பரீட்சை பகல் ஒரு மணிக்கு. அதனால் நேரம் இருந்தது. அல்லது இல்லை. இரண்டில் எது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அக்கா பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். அன்று அவள் போகாததால் பஸ்களுக்குத் தாங்கள் எங்கே போகவேண்டும் என்று தெரியவில்லை. வழியில் பருத்தித்துறை பஸ்ஸின் சாரதி இறங்கி வந்து என்னிடம், "தம்பி, நான் எந்த ஊர்?" என்று கேட்டார். நான் பரீட்சைக்குப் படிக்காத கேள்வி. வெட்டிய சொற்களைத் திருப்பித் தருவது கலைச்சொற் கந்தோர்தான். அங்கே நடந்தே போனேன்.

கந்தோரின் விறாந்தை நீளமானதல்ல. ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு சொல் ஒட்டியிருந்தது. வாசித்தால், விறாந்தை அந்தச் சொல்லின் அளவுக்கு நீண்டது. அகமுதலுருச் சிறுவலையைக் கடக்க இருபது நிமிடம் எடுத்தது. அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்.

யாரோ இருமினார்கள். கண் திறந்தேன். குலவீரசிங்கம் சேர் சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஆளுயரப் படம். எல்லா உறுப்புகளுக்கும் கோடு போட்டுப் பெயர் எழுதியிருந்தது. நெஞ்சின் மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

"சேர், சுவாசத்தொகுதியிலை என்னென்ன சேர் வரும்?"

"போன முறை வந்தது."

"அக்காவுக்கு மூச்சு வருகுதில்லை சேர்."

"பாத்தீரோ, இந்த முறை வரேல்லை. நான் சொன்னனான்."

அவர் குரலில் பெருமை இருந்தது. முகத்தில் இல்லை. படத்தின் கீழ்மூலை சுருண்டிருந்தது. அதை நிமிர்த்திவிட்டு நடந்தேன்.

கவுண்டரில் ஒரு கிளாக்கர் அம்மா இருந்தார். அவருக்குப் பின்னால் தட்டுகளில் போத்தல்கள். ஒவ்வொரு போத்தலிலும் போமலினில் ஒரு சொல் மிதந்தது.

"எத்தினையாம் ஷை?"

"மூண்டாம், அன்ரி."

"அன்ரி வீட்டிலை. இஞ்சை அம்மா. என்ன நிண்டுபோச்சு?"

"அக்காவின்ரை மூச்சு."

"ஏன் படிக்கேல்லை?"

"போன முறை வந்ததெண்டு விட்டிட்டம்."

"காலமையிலையிருந்து எல்லாரும் இதைத்தான் சொல்லினம்." அவர் ஒரு படிவத்தை எடுத்தார். "உம்மடை அக்கா முன்னம் மூச்சு விட்டவா எண்டதுக்கு ஊர் விதானையாரின்ரை கடிதம் இருக்கோ?"

"இல்லை. ஆனா நான் பக்கத்திலை இருந்திருக்கிறன்."

"எவ்வளவு காலம்?"

"இருபத்தொரு வருசம்."

"அவ மூச்சு விடுறது உமக்குக் கேட்டிருக்கோ?"

யோசித்தேன். அவள் பேசுவது கேட்டிருக்கிறது. ஏசுவது கேட்டிருக்கிறது. என் பெறுபேறு வந்த இரண்டு முறையும், அவள் குசினிக்குள் போய்ப் பானைகளை உருட்டியது கேட்டிருக்கிறது.

"இல்லை. கவனிக்கேல்லை."

அவர் படிவத்தில் "கவனிக்கவில்லை" என்று எழுதி முத்திரை குத்தினார்.

"இது காணும். இண்டைக்குப் பொய் சொல்லாமல் நிரப்பினது நீர் ஒராள்தான்." ஐந்து போத்தல்களை முன்னால் தள்ளினார். "ஓடும். போத்தலைத் திருப்பித் தரவேணும்."

வீட்டுக்கு வந்தபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. அக்கா வேலைக்குப் போகும் சேலையில், கைப்பையை மடியில் வைத்தபடி கதிரையில் இருந்தாள். முகம் மெல்லிய நீலம். சேலையும் நீலம்தான். பொருத்தமாக இருந்தது.

முதல் போத்தலைத் திறந்தேன். "குரல்வளை." தொண்டைக்குள் ஏதோ தாழ்ப்பாள் விலகியது. "வாதனாளி." காற்றுக்குழாயோடு கழுத்தும் நிமிர்ந்தது. மூன்றாவது, விழுங்கும்போது காற்றுக்குழாயை மூடும் சின்ன மூடி. அதன் பெயர் மூடியைவிடப் பெரிது. "மூச்சுக்குழல்வாய்மூடி" என்பதை முதல் தடவை நடுவில் விட்டேன். அவளுக்கு விக்கல் எடுத்தது. இரண்டாம் தடவை சரி. "பிரிமென்றகடு." வயிறு மேலும் கீழும் போய்வந்தது. காற்று மட்டும் வரவில்லை.

ஐந்தாவது போத்தலில் சிற்றறை இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு: "நுரையீரலின் மிகச் சிறிய காற்றறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லவும். அண்ணளவாக முப்பது கோடி."

"சிற்றறை," என்றேன்.

ஒன்று திறந்தது. எனக்குத் தெரிந்தது.

"சிற்றறை. சிற்றறை. சிற்றறை."

பன்னிரண்டு மணிக்கு நூற்று எண்பதில் நின்றேன். நேற்றைய மூச்சு முடிந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. அவள் சாகவுமில்லை. நூற்று எண்பது சிற்றறையில் ஒருவர் எவ்வளவு உயிரோடு இருக்கலாமோ அவ்வளவு இருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் பரீட்சை நோக்குநர் வந்தார். தோளில் ஒரு மேசை. அதில் என் பரீட்சைச் சுட்டெண் ஒட்டியிருந்தது.

"தம்பி, மண்டபத்துக்கு வாரீரோ?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். வாய் ஓய்வாக இல்லை.

"வராட்டில் வரேல்லை எண்டு போடுவன். பிறகு நாலாம் ஷை எண்டு ஒண்டில்லை."

"சிற்றறை," என்றேன்.

அவர் நெடுநேரம் அக்காவைப் பார்த்தார். பிறகு மேசையை இறக்கி, வினாத்தாளை அதன்மேல் கவிழ்த்து வைத்தார்.

"மேசை இருக்கிற இடம்தான் மண்டபம். கதைக்கக் கூடாது. உது ஒரு சொல்தானே, அது கதையில்லை." வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எப்போது ஒரு மணி ஆனது என்று தெரியவில்லை. பேனையை எடுத்தேன். கை எழுதப் போனால் வாய் நின்றது. வாய் நின்றால் அக்கா நின்றாள். பேனையை வைத்தேன். வாசித்துப் பார்க்காமலே தாளைத் தள்ளிவைத்தேன்.

பதினோராயிரத்து நாற்பதில் அவளுடைய உதடு அசைந்தது. எவ்வளவு காற்று இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். பேசாதே என்று கையால் காட்டினேன். அக்கா எப்போது நான் சொன்னதைக் கேட்டாள்?

"அவசரப்படாதை, ஆறுதலாச் சொல்லடா," என்றாள்.

அதற்கு நாலாயிரம் சிற்றறை போனது.

ஏழாயிரத்து நாற்பதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.